வயிற்று வலி என்றுதான் சொன்னோம்

செவ்வாய்க்கிழமை, மதியம்

சுபாஷுக்கு அம்மா எழுதுவது. உன் தம்பியின் கையையும் காலையும் ஆஸ்பத்திரிக் கட்டிலோடு சேர்த்துக் கட்டிப்போட்டது டாக்டரும் இல்லை, நர்சும் இல்லை, நீயும் நானும்தான். குவைத்திலிருந்து நீ போனில் சொன்ன பொய்யை நான் இங்கே வாயால் சொன்னேன், அவ்வளவுதான் வித்தியாசம். எல்லோரும் சுகம், உன் சுகத்துக்கு எழுது என்று தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. இந்த வீட்டில் சுகமாக இருப்பது மாடு மட்டும்தான், போன வாரம் கன்று போட்டது, கிடேரி. நீ நன்றாக இரு. முதுகு வலிக்குக் கொடுத்தனுப்பிய தைலத்தைத் தேய்த்துக்கொள், வெறும் வயிற்றோடு வேலைக்குப் போகாதே. அம்மா சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன், இனி மற்றது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்திலிருந்து உனக்குப் பதினோரு முறை போன் செய்துவிட்டேன். நான் பேசி அனுப்பியதை எல்லாம் நீ கேட்டிருக்கிறாய், நீலக் கோடு விழுந்திருக்கிறது, பதில் மட்டும் வரவில்லை. அதனால்தான் இந்தக் காலத்தில் கடிதம். கள்ளக்குறிச்சி கடைத்தெருவில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் காஜா மைதீன் பாயின் மகன் சர்புதீன் லீவு முடிந்து நாளைக்கு உங்கள் ஊருக்குத் திரும்புகிறான். விஷயத்தைச் சொல்லி அழுதேன். "போனுன்னா கட் பண்ணிடுவான்மா, ஆளு எதிர்ல நின்னா இன்னா பண்ணுவான், படிச்சி முடிக்கிற வரைக்கும் அவன் ரூமை வுட்டு நான் நகர மாட்டேன்" என்றான். ஆகவே இதைப் படிக்கும்போது அவன் உன் எதிரில் நின்றுகொண்டிருப்பான். படி.

உன் அப்பா உனக்குச் சொன்னது பாதி, நீ கேட்டுக்கொண்டது அதிலும் பாதி. முதலிலிருந்து சொல்கிறேன். தம்பிக்கு விசா வந்த செய்தியை நீ சொன்ன மறுநாளே உன் அப்பா பிரவீனை முனியப்பன் கோயிலுக்கு அழைத்துக்கொண்டு போனார், நானும் போனேன், நானும்தான் ஆசைப்பட்டேன். பூசாரி அவன் வலது மணிக்கட்டில் கருப்புக் கயிறு கட்டி, நாற்பத்தெட்டு நாள் சாராயத்தைக் கையால் தொட மாட்டேன் என்று கற்பூரத்தின் மேல் சத்தியம் வாங்கினார். நம் ஊரில் குடிக்கிறவன் வீட்டில் எல்லோரும் செய்வதுதான். உன் அப்பாகூடக் கல்யாணமான புதிதில் கட்டிக்கொண்டவர்தான், அவருக்கு நின்றது. அது ஞாயிற்றுக்கிழமை. திங்கட்கிழமை பிரவீனுக்குச் சட்டை பிழிகிற மாதிரி வியர்த்தது, டம்ளரைப் பிடிக்க முடியவில்லை, சாமி உள்ளே வேலை செய்கிறது என்று உன் அப்பா சந்தோஷப்பட்டார். செவ்வாய்க்கிழமை காலையில் பிள்ளை மாட்டுக் கொட்டகை வாசலில் விழுந்து வெட்டி வெட்டி இழுத்தான், வாயில் நுரை, கண் மேலே போய்விட்டது. மூன்றாம் நாள். இந்த மூன்றாம் நாளை மனதில் வைத்துக்கொள், கடைசியில் இதற்குத்தான் வருவேன்.

ஆம்புலன்சில் போகும்போதுதான் உனக்குப் போன் செய்தேன். பிள்ளைக்கு உயிர் இருக்கிறதா என்று நீ கேட்கும் முன்னால் கேட்டது என்ன என்று உனக்கு ஞாபகம் இருக்கிறதா? ஆஸ்பத்திரியில் என்ன சொல்லப் போகிறீர்கள் என்று கேட்டாய். "குடின்னு மட்டும் எழுத வுடாத, வலிப்புன்னும் சொல்லாத, வந்த விசா போயிடும். வயித்து வலி, ரெண்டு நாளா சாப்புடல, மயக்கம் போட்டு வுழுந்துட்டான்னு சொல்லு" என்றாய். நானும் உன் அப்பாவும் அப்படியே சொன்னோம். எமர்ஜென்சியில் இருந்தது எழில்மதி என்று ஒரு சின்ன வயது டாக்டர், உன் மாமா மகள் தனுஷா வயதுதான் இருக்கும். அந்தப் பெண் மூன்று முறை கேட்டது, குடிப்பாரா, குடிப்பாரா, வலிப்பு வந்ததா என்று. மூன்று முறையும் இல்லை என்று தலையாட்டினேன். மணிக்கட்டில் கயிற்றைப் பார்த்துவிட்டு இது என்ன என்று கேட்டது. வேண்டுதல் என்றேன். வயிற்றுக்கு ஊசி போட்டு, குளுக்கோஸ் ஏற்றி, மேல் வார்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அந்தச் சீட்டில் வயிற்று வலி என்று எழுதியதைப் பார்த்த பிறகுதான் உன் அப்பாவுக்கு மூச்சு வந்தது.

இது முதல் பொய்யாக இருந்தால்கூட நான் இப்படி எழுத மாட்டேன். தை மாதம் அவன் குடித்துவிட்டு பைக்கோடு விழுந்து மண்டை உடைந்தபோது நாய் குறுக்கே வந்தது என்றோம். மாசியில் கரும்புக்கொல்லையில் களைக்கொல்லி வாயில் போனபோது மருந்து அடிக்கும்போது காற்றில் பட்டுவிட்டது என்றோம். இப்போது வயிற்று வலி. ஒரே வருடத்தில் ஒரே பிள்ளையை ஒரே எமர்ஜென்சி வார்டுக்கு மூன்று முறை தூக்கிக்கொண்டு போய் மூன்று கதை சொன்ன குடும்பம் நம்முடையது. நாம் மட்டும் இல்லை. டவுனில் விஷச் சாராயத்தில் அத்தனை பேர் செத்தார்களே, அந்த வருடத்துக்கு அப்புறம் இந்தப் பக்கத்தில் எவனும் ஆஸ்பத்திரியில் சாராயம் என்ற வார்த்தையை வாயில் வைப்பதில்லை, சொன்னால் போலீஸ் வரும் என்று பயம். போலீஸ் வர வேண்டிய இடத்துக்கு வருவதில்லை, பால் சொசைட்டி முக்கில் காலை ஆறு மணிக்கு இன்றைக்கும் சாராயப் பாக்கெட் கிடைக்கிறது, பால் ஊற்றப் போகிற பொம்பளைகள் எல்லோரும் பார்க்கிறோம். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு ஓட்டுக் கேட்டு வருகிறவனுக்கும் தெரியும். பயம் மட்டும் கட்டிலில் கிடக்கிறவனுக்கு.

பக்கத்துக் கட்டிலில் கல்வராயன் மலையிலிருந்து ஒருவனைக் கொண்டுவந்து போட்டிருந்தார்கள், வெள்ளிமலைக்கும் அந்தப் பக்கம் ஏதோ ஊர், பெண்டாட்டி பெயர் குஞ்சம்மாள். நம் பிரவீனுக்கு இருந்த அதே நடுக்கம், அதே வியர்வை, அதே செவ்வாய்க்கிழமை. எமர்ஜென்சியில் டாக்டர் கேட்டபோது அந்த அம்மா ஊருக்கே கேட்கிற மாதிரி, "சாராயந்தாம்மா. பல்லு வெளக்கறதுக்கு முன்னாடி அதுதான். ரெண்டு நாளு நிறுத்தினான், ஆடறான் பாரு, எழுதிக்கோ" என்றது. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மலைக்காரிக்கு வெட்கமே இல்லை பார் என்று உன் அப்பா என் காதில் சொன்னார், அந்த அம்மாவுக்குக் கேட்டுவிட்டது. "இன்னாத்துக்கு வெக்கப்படணும் அண்ணே? காய்ச்சற வெல்லம் உங்க ஊருலேர்ந்து ஏறுது, சாராயம் எங்க ஊருலேர்ந்து எறங்குது. நடுவுல காரு வாங்கினவன் ரெண்டு ஊருலயும் குடிக்கிறதில்ல. எங்காளு பொழைக்கணும், நான் சொல்லிட்டேன். உங்க புள்ளைக்கு இன்னா, வயித்து வலியா?" என்று கேட்டது. உன் அப்பா எழுந்து வெளியே போய்விட்டார். அந்த ஆளுக்கு முதல் மணி நேரத்திலேயே நரம்புக்கான ஊசி போட்டார்கள். வியாழக்கிழமை காலையில் அவன் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தான். நம் பிள்ளை அப்போது கட்டிலில் கட்டப்பட்டிருந்தான்.

புதன்கிழமை சாயங்காலம் ஆரம்பித்தது. முதலில் சுவரில் எறும்பு ஏறுகிறது என்றான், போர்வையை உதறினான். பிறகு அவன் ஆஸ்பத்திரியிலேயே இல்லை சுபாஷ். மூங்கில்துறைப்பட்டு ஆலை வாசலில் கரும்பு டிராக்டரோடு வரிசையில் நின்றுகொண்டிருந்தான். குளுக்கோஸ் பாட்டில் தொங்கும் கம்பியைக் கியர் என்று நினைத்துப் பிடித்து இழுத்து, "யோவ் முன்னாடி வண்டிய நவுத்துய்யா, லோடு சரியுது, லோடு சரியுது" என்று கத்தினான். ஊசியைப் பிடுங்கிக்கொண்டு கட்டிலிலிருந்து குதித்தான், நெற்றி தரையில் மோதி ஆறு தையல். நாலு பேர் பிடித்தார்கள். காஜ் துணியை முறுக்கிக் கையையும் காலையும் கட்டினார்கள், முனியப்பன் கயிறு இருந்த அதே மணிக்கட்டில்தான் முதல் கட்டு. பக்கத்து வார்டிலிருந்து ஒருவன் வந்து போனில் படம் பிடித்தான், செருப்பைக் கழற்றினேன், ஓடிவிட்டான். பிரவீன் என்னைப் பார்த்துக்கொண்டே என்னை அடையாளம் தெரியாமல் உன்னைக் கூப்பிட்டான். அண்ணே, கயிறை அவுத்து வுடு அண்ணே, நான் எங்கியும் போக மாட்டேன் அண்ணே என்றான். அப்போதே மறுபடியும் இழுப்பு வந்தது. கட்டோடு கட்டாக உடம்பு வெட்டியது. கட்டில் நகர்ந்தது.

அப்போதுதான் எமர்ஜென்சிக்கு ஓடி டாக்டர் எழில்மதியிடம் உண்மையைச் சொன்னேன். ஐந்து வருடமாகக் குடி, இரண்டு வருடமாகக் காலையில் எழுந்ததும் குடி, கயிறு கட்டி நிறுத்தினோம், மூன்றாம் நாள் வலிப்பு வந்தது, மறைத்துவிட்டோம் என்றேன். அந்தப் பெண் என்னைத் திட்டும் என்று பார்த்தேன், திட்டவில்லை, அழுகிற மாதிரி நின்றது. "ஏம்மா, மூணு தடவ கேட்டேனே. அப்பவே சொல்லியிருந்தா அப்பவே மருந்து போட்டிருப்பேனே, இந்தக் கட்டே தேவைப்பட்டிருக்காதே" என்றது. மறுபடியும் எமர்ஜென்சிக்குக் கொண்டுபோய் மருந்தை மாற்றினார்கள். அடுத்த இரண்டு நாள் அவன் தூங்கினானா மயங்கிக் கிடந்தானா என்று எனக்குத் தெரியாது, மூக்கின் கீழே விரலை வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று உனக்குத் தெரியும். இருபத்திரண்டு வருடமாக அங்கன்வாடியில் பிள்ளைகளை எடை போட்டு எழுதுகிறேன். போன வருடம் மேலே இருந்து வந்த அதிகாரி அம்மா, மெலிந்த பிள்ளைகள் உங்கள் சென்டரில் ஜாஸ்தியாகத் தெரிகிறது, ஒன்றிரண்டு கிலோ கூட்டிப் போடுங்கள் என்று சொன்னபோது முடியாது என்றேன், கூட்டிப் போட்டால் அந்தப் பிள்ளைக்கு வர வேண்டிய சத்துமாவு நின்றுபோகும் என்று எதிரிலேயே சொன்னேன். அதை வீட்டில் பெருமையாகச் சொன்னேன், நீகூடப் போனில் சிரித்தாய். ஊரான் பிள்ளைக்குத் திருத்தி எழுத மாட்டேன் என்று நின்றவள் பெற்ற பிள்ளைக்குத் திருத்திச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். வர வேண்டிய மருந்து வராமல் போனது.

திங்கட்கிழமை பிரவீனுக்குத் தெளிந்தது. டாக்டர் எழில்மதி அவனைத் தனியாக உட்கார வைத்துப் பேசினார், பிறகு அவனிடம் கேட்டுக்கொண்டு என்னையும் கூப்பிட்டார். மாசியில் மருந்து காற்றில் பட்டதில்லையாம் சுபாஷ். அவனே குடித்தானாம். என் முகத்தைப் பார்க்காமல், "அது காத்துல படலமா" என்றான். அந்தக் களைக்கொல்லி டப்பா ஆறு மாதமாக நம் வீட்டுப் படியின் கீழேதான் இருந்தது, நான்தான் துடைத்து வைத்தேன். அன்றைக்கே தூக்கிக் கொண்டுபோய் உரக்கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டேன், நம் வீட்டில் இனி அது இருக்காது. டாக்டர் சொன்னது இரண்டே விஷயம், அவர் சொன்ன மாதிரியே எழுதுகிறேன். இவ்வளவு நாள் குடித்த உடம்பு சட்டென்று நிறுத்தினால் தாங்காது, மருந்து கொடுத்து ஆஸ்பத்திரியில் வைத்துத்தான் நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த வலிப்பில் ஆளே போகலாம். மனசுக்கும் சேர்த்து வைத்தியம் வேண்டும், குறைந்தது ஒரு மாதம், அதற்கு என்று இருக்கிற வார்டுக்கு எழுதித் தருகிறேன் என்றார். அவன் சரி என்றான். அவனே சரி என்றான், இதை இரண்டு முறை எழுதுகிறேன், ஏனென்றால் அவன் வர மாட்டேன் என்று சொன்னதாக உன் அப்பா உன்னிடம் சொல்லியிருக்கிறார்.

மறுநாள் சென்டரில் எடை நாள், லீவு கொடுக்கவில்லை. மதியம் நான் ஆஸ்பத்திரிக்குத் திரும்பியபோது அந்தக் கட்டிலில் வேறு யாரோ படுத்திருந்தார்கள். நீ உன் அப்பாவுக்குப் போன் செய்திருக்கிறாய், டிக்கெட் முன்னாலேயே வந்துவிட்டது, மனநோய் வார்டு என்று பேப்பரில் ஏறினால் ஜென்மத்துக்கும் எந்த நாட்டுக்கும் போக முடியாது என்று சொல்லியிருக்கிறாய். உன் அப்பா எங்கள் சொந்தப் பொறுப்பில் அழைத்துப் போகிறோம் என்று கையெழுத்துப் போட்டுவிட்டார். கரும்பு வெட்டச் சொல்லி ஆலை தருகிற கட்டிங் ஆர்டரில்கூட ஒரு வரி விடாமல் படித்துக் கேட்டு அப்புறம் கையெழுத்துப் போடுகிற மனுஷன். டாக்டர் சண்டை போட்டிருக்கிறார், மாத்திரையாவது தினமும் கொடுங்கள் என்று பத்து நாளைக்குக் கையில் வைத்து அனுப்பியிருக்கிறார். மலைக்காரி குஞ்சம்மாள் வராண்டாவில் என்னைப் பிடித்துக்கொண்டு, "உம்புள்ள போவும்போது திரும்பித் திரும்பிப் பாத்துக்கினே போனான், நீ எங்கம்மா போயிட்ட" என்று கேட்டது.

வீட்டுக்கு வந்த ஐந்து நாளும் அவனுக்குச் சாராயம் கொண்டுவந்து கொடுத்தது உன் அப்பா. "கை நடுங்கினா ஏர்போர்ட்ல புடிச்சி வெச்சிக்குவான், அதுவரைக்கும் குடிச்சிக்கட்டும், ஏறினதுக்கு அப்புறம் அங்க ஏது சாராயம், தானா வுட்டுப்பூடும்" என்றார். அது அவர் வார்த்தை இல்லை என்று எனக்குத் தெரியும், நீ சொன்னது. நீ கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை என்பதும் தெரியும். நீயும் இங்கே குடித்தவன்தான், அந்த ஊருக்குப் போய்க் கிடைக்காமல் விட்டவன்தான், தம்பிக்கும் அப்படியே விடும் என்று நம்புகிறாய். ஆனால் உனக்குக் காலையில் கை நடுங்கியதில்லை சுபாஷ், நீ சனிக்கிழமைக் குடிகாரன். அவன் அப்படி இல்லை. நீ வாங்கிய டிக்கெட் இன்னொரு கயிறு. இந்த முறை முனியப்பனுக்குப் பதிலாக ஒரு நாடே கட்டப் போகிறது.

ஞாயிற்றுக்கிழமை ஏஜென்ட் ஆள் காரில் வந்து அவனைச் சென்னைக்கு அழைத்துப் போனான். ஏதோ ரூமில் தங்க வைத்து வெள்ளிக்கிழமை காலை ஏற்றிவிடுவார்களாம். உன் அப்பாவுக்கு விலாசம் தெரியாது, கேட்கவும் இல்லை. அன்று சாயங்காலத்திலிருந்து பிரவீன் போன் ஆப். ஏஜென்ட் என் நம்பரை எடுப்பதில்லை. இன்று காலை அவன் படுக்கையைத் தட்டினேன், தலையணைக்குக் கீழே டாக்டர் கொடுத்த மாத்திரை அப்படியே இருந்தது, ஒன்றுகூடக் குறையவில்லை. அந்த மாத்திரை பையில் இருந்தால் அங்கே இறங்கியதும் உள்ளே போட்டுவிடுவார்கள் என்று நீ சொன்னாயாம். அறுத்த முனியப்பன் கயிறும் அங்கேதான் கிடந்தது.

இப்போது கணக்கு போட்டுப் பார். வெள்ளிக்கிழமை அவன் ஏறுகிறான், அதோடு சாராயம் நிற்கிறது. சனிக்கிழமை வியர்க்கும், டம்ளர் பிடிக்க முடியாது, புது ஊர், காய்ச்சல் என்று சொல்வாய். ஞாயிற்றுக்கிழமை மூன்றாம் நாள். எட்டுப் பேர் படுக்கிற உன் அறையில் அன்று யார் இருப்பார்கள்? நீ டியூட்டிக்குப் போயிருப்பாய். அவன் சுவரில் எறும்பு பார்ப்பான், லோடு சரிகிறது என்று கத்துவான், அந்த அறையில் தமிழ் தெரிந்தவன் எத்தனை பேர்? தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனால் அங்கேயும் ஒரு டாக்டர் கேட்பார், குடிப்பானா என்று. குடி என்றாலே கேஸ் ஆகிற நாடு அது, நீதான் சொன்னாய். அப்போது நீ என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும், எனக்குச் சொல்லிக் கொடுத்ததே நீதானே.

நான் பையில் இரண்டு புடவையும் அந்த மாத்திரையும் எடுத்து வைத்துவிட்டேன். சின்னசேலம் ஸ்டேஷனுக்குப் போய் எந்த ரயில் வந்தாலும் ஏறிவிடுவேன், சென்னையில் இறங்கியபின் எங்கே போவது என்பதுதான் தெரியாது. டாக்டர் எழில்மதி அந்த வார்டில் சொல்லி வைத்திருக்கிறார், எப்போது கொண்டுவந்தாலும் சேர்த்துக்கொள்வார்கள், இந்த முறை உண்மையைத்தான் சொல்வேன், போலீஸ் வரட்டும், விசா போகட்டும், சொந்தக்காரன் சிரிக்கட்டும். உன் பெயர் உன் கம்பெனியில் கெடும் என்றால் அதற்கு நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நீ நீண்ட ஆயுளோடு ஒரு குறையும் இல்லாமல் இரு, முனியப்பன் உன்னைப் பார்த்துக்கொள்ளட்டும். வேளைக்குச் சாப்பிடு. இதைப் படித்து முடித்ததும் மடித்துப் பெட்டியில் வைக்காதே, சர்புதீன் அவன் போனில் என் நம்பரைப் போட்டுக் கொடுப்பான், வாங்கிப் பேசு.

இப்படிக்கு,
உங்கள் இரண்டு பேரையும் பெற்ற அம்மா,
பூ. செந்தமிழ்ச்செல்வி

பிரவீனை எந்த ரூமில் வைத்திருக்கிறார்கள்? விலாசத்தைச் சொல்.